சொல்லிப் புரியவைத்தது மகன், கையொப்பம் போட்டது அம்மா

போன வருடம் சொந்தக்காரர் ஒருவருக்குத் துணையாகக் கொழும்பில் ஒரு அரசாங்க வைத்தியசாலையில் இரண்டு நாள் இருக்க வேண்டி வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும், ஹெர்னியா ஒப்பரேஷனுக்கு வந்திருந்தான். கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பம். டொக்டர் வந்து என்ன செய்யப் போகிறார்கள், எங்கே வெட்டுவார்கள், மயக்க மருந்தில் என்னென்ன சிக்கல் வரலாம் என்றெல்லாம் சிங்களத்தில் நிதானமாகத்தான் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்தது மரக்கறி வாங்கும் அளவுக்குச் சிங்களம். ஆகவே பையன் கேட்டான், பையன் சந்தேகம் கேட்டான், பையனே அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். சொல்லும்போது அந்த மயக்க மருந்து விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டான். அம்மா பயந்துவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். பிறகு டிக்கட்டை, அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளியின் குறிப்பேட்டை, நீட்டினார்கள், அம்மா தமிழில் கையொப்பம் போட்டார். முடிந்தது.

இப்போது சொல்லுங்கள், அங்கே சம்மதம் கொடுத்தது யார்? விஷயம் முழுதும் தெரிந்தவனுக்குக் கையொப்பம் போட உரிமை இல்லை. கையொப்பம் போட்டவருக்கு விஷயம் பாதிதான் தெரியும்.

அன்றைக்குப் பிடித்த கேள்வி இது. பராயமடையாத ஒரு பிள்ளை தன் உடம்புக்கான வைத்தியத்துக்குத் தானே சம்மதம் கொடுக்க இலங்கையில் எத்தனை வயதாக வேண்டும்? ஒரே வரியில் பதில் சொல்லும் தனிச் சட்டம் நம்மிடம் கிடையாது. அதற்குப் பதிலாக 12, 16, 18 என்று மூன்று எண்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, மூன்றும் வேறு வேறு காரியத்துக்காக எழுதப்பட்டவை, ஆனால் வார்ட்டில் நிற்பவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருக்கிறார்கள்.

18 இல் இருந்து தொடங்கலாம், எல்லாருக்கும் தெரிந்தது அதுதான். பராயமடையும் வயது இங்கே முன்பு 21. 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படி வைத்திருந்ததை 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 18 ஆக்கியது. அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம், அதாவது ஒல்லாந்தர் விட்டுப்போனது. அதன்படி பராயமடையாத பிள்ளை பாதுகாவலரின் துணையில்லாமல் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகப் பிள்ளையைக் கட்டாது. காணி விற்பதற்கும் கடன் வாங்குவதற்கும் பொருத்தமான விதிதான். தனியார் வைத்தியசாலையில் பில் கட்டுவதும் ஒரு ஒப்பந்தம் என்பதால் அங்கே பெரியவர் கையொப்பம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காசுக்கான கையொப்பமும் உடம்பைத் தொடுவதற்கான சம்மதமும் ஒன்றல்ல. வரவேற்பு மேசையில் ஒரே படிவத்தில் இரண்டையும் அடித்து வைத்திருப்பதால் நமக்கும் அது ஒன்றாகவே தெரிகிறது.

சரி, அந்தப் ‘பாதுகாவலர்’ யார்? பழைய ரோமன்-டச்சு விதியில் குடும்பம் ஒன்றாக இருக்கும் வரை தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர், தாய்க்கு இரண்டாம் இடம். வார்ட்டில் வந்து பாருங்கள், நூற்றுக்குத் தொண்ணூறு அம்மாதான் கையொப்பம் போடுகிறார், யாரும் எதுவும் கேட்பதில்லை. சட்டத்தை இப்படித் தேவைக்கு ஏற்றமாதிரி மறந்துவிடுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அம்மா குவைத்திலோ ரியாத்திலோ வீட்டு வேலைக்குப் போயிருந்தால்? அப்பாவும் எங்கேயோ? மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் பாட்டியோ பெரியம்மாவோ வளர்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்தப் பக்கத்து ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். அந்தப் பாட்டியிடம் மாவட்ட நீதிமன்றத்தில் இருந்து எடுத்த பாதுகாவலர் கட்டளை எதுவும் இருக்காது, இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லியும் இருக்க மாட்டார்கள். காய்ச்சல், தையல் போடுவது என்றால் பாட்டியின் பெருவிரல் அடையாளமே போதும். பெரிய சத்திரசிகிச்சை என்று வரும்போதுதான் ‘அம்மா அப்பாவைக் கூப்பிடுங்க’ தொடங்கும், பிறகு வாட்ஸ்அப்பில் வீடியோ கோல், அந்தப் பக்கம் அம்மா சமையலறை மூலையில் குரலைத் தாழ்த்தி ‘சரி, செய்யுங்க டொக்டர்’ என்று சொல்வார். இந்த இரவல் சம்மதத்துக்குச் சட்டத்தில் என்ன பெறுமதி என்று யாரும் நின்று யோசிப்பதில்லை, யோசிக்க நேரமும் இல்லை.

அடுத்தது 12. இது எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இருந்து. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை கொடுக்கும் சம்மதம் சம்மதமே இல்லை என்கிறது அது. அந்த வயதுக்குக் கீழே பாதுகாவலரின் சம்மதத்தோடு, பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தில் ஒன்றைச் செய்தால் குற்றமில்லை. இதை அப்படியே திருப்பி வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டைத் தாண்டிய பிள்ளை, தன் நன்மைக்காகச் செய்யப்படும் வைத்தியத்துக்கு, விளங்கிக்கொண்டு தலையாட்டினால், குறைந்தது குற்றவியல் சட்டத்தைப் பொறுத்தவரை டொக்டருக்கு அது ஒரு காப்பு. நட்டஈட்டு வழக்கு வேறு கதை, அங்கே இந்தக் கோவை கைகொடுக்காது.

அதே கோவையில் அவசர நிலைக்கும் வழி இருக்கிறது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம் எனக்கு மறக்காது: விபத்தில் அடிபட்ட ஒரு பிள்ளை, உடனே அறுக்காவிட்டால் உயிர் போகும், பாதுகாவலரைத் தேடிப் போக நேரமில்லை, பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாலும் வைத்தியர் சத்திரசிகிச்சையைச் செய்கிறார், குற்றமில்லை. நூற்றி நாற்பது வருடத்துக்கு முந்தைய எழுத்து. ஆகவே உயிர் போகும் நேரத்தில் ‘கையொப்பம் போட ஆள் இல்லை’ என்று யாராவது பிள்ளையை வாசலில் வைத்திருந்தால் அதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

இந்த 12 பற்றி இன்னொன்று. 2018 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, குற்றப் பொறுப்புக்கான வயதை 8 இல் இருந்து 12 ஆக்கினார்கள். நல்ல வேலை. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், செய்வதன் தன்மையும் விளைவும் விளங்கும் அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு முதிர்ச்சி இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். பதினான்கைத் தாண்டினால் அந்தக் கேள்வியும் இல்லை, நேரே பொறுப்பு. அதாவது சைக்கிள் திருடிய பதின்மூன்று வயதுப் பையனை இருத்தி ‘இவனுக்கு விளங்குமா’ என்று அக்கறையாகக் கேட்கத் தெரிந்த அதே நாட்டுக்கு, பல்லுப் பிடுங்க வந்த பதினேழு வயதுப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை.

16 மூன்று பக்கத்தில் இருந்து வருகிறது. பாலியல் உறவுக்குச் சம்மதம் கொடுக்கும் வயது, 1995 இல் 12 இல் இருந்து 16 ஆக்கப்பட்டது. வேலைக்குச் சேரக்கூடிய வயது, 2021 இல் 14 இல் இருந்து 16 ஆனது. மூன்றாவது இங்கிலாந்தின் 1969 ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டச் சீர்திருத்தம், பதினாறு வயதானவர் வைத்தியத்துக்குக் கொடுக்கும் சம்மதம் பெரியவர் கொடுப்பதற்குச் சமம் என்றது. நம் டொக்டர்மார் படிக்கும் ஆங்கிலப் புத்தகங்களில் இந்த மூன்றாவது 16 இருக்கிறது, அதனால் சிலர் அதை இலங்கைச் சட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்து என்றதும் கில்லிக் வழக்கைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் உலகம் முழுக்க இந்த விவாதத்தின் பாஷையே அங்கிருந்துதான் வந்தது. 1980 இல் அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விட்டது: பதினாறுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பெண் பிள்ளை கருத்தடை கேட்டு வந்தால், சில சந்தர்ப்பங்களில் பெற்றோருக்குச் சொல்லாமலே டொக்டர் கொடுக்கலாம். விக்டோரியா கில்லிக் என்ற தாய், என் மகள்களுக்கு என்னைக் கேட்காமல் அப்படிக் கொடுக்கக்கூடாது என்று வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோற்றார், மேன்முறையீட்டில் வென்றார், கடைசியாக 1985 ஒக்டோபரில், அப்போது அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார். அந்த நீதிபதிகளில் ஒருவரான ஸ்கார்மன் பிரபு சொன்னதன் சாரம், பெற்றோரின் உரிமை பிள்ளைக்காக இருக்கிறது, பிள்ளைக்குப் புத்தியும் விளக்கமும் வர வர அது விலகிக்கொள்கிறது. பிறந்த திகதியைப் பார்க்காதே, இந்தப் பிள்ளைக்கு இந்த வைத்தியம் விளங்குகிறதா என்று பார். கண்ணில் விழுந்த தூசியை எடுக்க ஒன்பது வயதுக்கும் விளங்கும், இதய ஒப்பரேஷன் பதினாறுக்கும் விளங்காமல் போகலாம்.

அது நம் நீதிமன்றங்களைக் கட்டாது, வழிகாட்டலாம், அவ்வளவுதான். எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது தென்னாபிரிக்கா, ஏனென்றால் அவர்களும் நம்மைப்போல ஒல்லாந்தரின் சட்டத்தில் இருந்து வந்தவர்கள். நீதிமன்றம்தான் பிள்ளைகளுக்கெல்லாம் மேற்பாதுகாவலர் என்ற அதே கொள்கை அவர்களுக்கும் உண்டு. அவர்கள் 2005 இல் பிள்ளைகள் சட்டம் ஒன்றை எழுதினார்கள். பன்னிரண்டைத் தாண்டி, நன்மை தீமை விளங்கும் முதிர்ச்சியும் இருந்தால், வைத்தியத்துக்குப் பிள்ளையே சம்மதிக்கலாம். சத்திரசிகிச்சைக்கும் பிள்ளையே சம்மதிக்கலாம், ஆனால் பெற்றோர் கூட இருந்து துணை செய்ய வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் கருத்தடைக்கும் தனித்தனிப் பிரிவு. ஒரே மரத்தின் இரண்டு கிளை, ஒன்று காய்த்துவிட்டது, மற்றது 1989 இல் எண்ணை மாற்றியதோடு நிற்கிறது. பிள்ளைகள் உரிமைச் சமவாயத்தை 1991 இலேயே ஏற்று ஒப்பமிட்ட நாடு இது. அதன் 12 ஆம் உறுப்புரை பிள்ளையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் ஒப்பமிட்ட சமவாயம் உள்நாட்டில் சட்டமாக எழுதப்படாத வரை, வார்ட்டில் இருக்கும் சிஸ்டருக்கு அது சுவரில் ஒட்டிய போஸ்டர்.

ஏன் டொக்டர்மார் இந்தக் கையொப்பத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள்? 1992 இல் இங்கிலாந்தில் சாப்பிட மறுத்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் வழக்கில் நீதிபதி டொனால்ட்சன் பிரபு ஒரு உவமை சொன்னார், சம்மதம் என்பது வைத்தியர் போட்டுக்கொள்ளும் கவசச் சட்டை, யார் கொடுத்தாலும் ஒன்று இருந்தால் போதும். அந்தப் பெண் வேண்டாம் என்றும் நீதிமன்றம் வைத்தியத்துக்கு அனுமதி கொடுத்தது. கொஞ்சம் கசப்பான உவமைதான், ஆனால் உண்மை. டிக்கட்டில் இருக்கும் கையொப்பம் முதலில் டொக்டரைக் காப்பாற்றுகிறது. பிள்ளையைக் காப்பாற்றுகிறதா என்பது இரண்டாவது. அந்த வழக்கு இன்னொன்றையும் காட்டுகிறது, ‘ஆம்’ சொல்லும் உரிமையும் ‘மாட்டேன்’ சொல்லும் உரிமையும் ஒரே அளவு இல்லை. உயிர் காக்கும் வைத்தியத்தைப் பிள்ளை மறுத்தால் பெரும்பாலான நாடுகளில் நீதிமன்றம் விட்டுக்கொடுக்காது. எனக்கும் அதில் பெரிய மனவருத்தம் இல்லை.

இவ்வளவும் எழுதியது கையொப்பத்தைப் பற்றி. ஆனால் உண்மையில் பிள்ளைகளை வாசலில் இருந்தே திருப்பி அனுப்புவது கையொப்பம் கிடையாது என்று நினைக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அப்பெண்டிக்ஸ் என்றால் அம்மா ஓடி வந்து பத்துக் கையொப்பம் போடுவார், அங்கே சிக்கலே இல்லை. சிக்கல், அம்மாவுக்குத் தெரியக்கூடாத விஷயங்களில். மாதவிடாய் தள்ளிப்போனது, சிறுநீர் போகும்போது எரிவது, ஏ.எல். பரீட்சைக்கு முதல் இரவில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது, கையை பிளேடால் கீறிக்கொண்டது. இவற்றோடு வரும் பிள்ளை மனதுக்குள் கேட்பது ஒன்றே ஒன்று: நான் சொல்வது வீட்டுக்குப் போகுமா?

பதில் நிச்சயமில்லை என்பதால் பிள்ளை வருவதே இல்லை. பாமசிக்குப் போகும். கொழும்பில் அவசரக் கருத்தடை மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம், ஆனால் வெள்ளவத்தையில் வாங்க மாட்டார்கள், அங்கே பாமசிக்காரருக்கு அப்பாவைத் தெரியும். பஸ் ஏறி நுகேகொடைக்குப் போவார்கள். கல்யாணமாகாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு அரசாங்கக் குடும்பத் திட்டச் சேவை தூரமாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது குடும்பங்களைப் பதிவு செய்து, மருத்துவச்சி வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் முறையில் கட்டப்பட்டது. அந்த முறை இலங்கைத் தாய்மாரைக் காப்பாற்றிய முறை, குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பதிவேட்டில் இந்தப் பிள்ளைக்கு ஒரு வரி இல்லை, தப்பித்தவறி மருத்துவச்சி அம்மா வந்து வீட்டுப் படலையைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும்.

பதினாறுக்குக் கீழே என்றால் இன்னும் கஷ்டம். அந்த வயதில் உறவு என்றாலே சட்டத்தில் அது பாலியல் வல்லுறவு, பெண் விரும்பியிருந்தாலும். பதினைந்து வயதுப் பிள்ளை கர்ப்பம் என்று வைத்தியசாலைக்கு வந்தால் வைத்தியசாலைப் பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி என்று வரிசையாக வருவார்கள். வயதான ஒருவன் கெடுத்திருந்தால் அப்படித்தான் வரவும் வேண்டும். ஆனால் கூடப் படிக்கும் பையன் என்றால், வைத்தியம் தேடிப் போவது அவனை மாட்டிவிடுவதாக முடியும், அது தெரிந்தே பிள்ளை கடைசி மாதம் வரை சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு டியூஷனுக்குப் போகும். கருக்கலைப்போ, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே என்று 1883 இல் எழுதியது அப்படியே இருக்கிறது, வல்லுறவுக்கு ஆளான பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் வேறு விதி இல்லை. 1995 இல் தளர்த்தப் பார்த்து நாடாளுமன்றத்தில் கைவிட்டார்கள். 2017 இலும் பேச்சு எழுந்து அடங்கியது. ஆகவே அங்கே பிள்ளையின் சம்மதம், பெற்றோரின் சம்மதம் என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்தியாவில் இந்த முடிச்சின் ஒரு இழையை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவிழ்த்தது: பராயமடையாத பெண் தன் விருப்பத்தோடு நடந்த உறவால் கர்ப்பமாகிக் கலைப்புக்கு வந்தால், டொக்டர் பொலிசுக்குத் தகவல் கொடுக்கும்போது, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை. சட்டத்தை யாரும் தூக்கி எறியவில்லை. பிள்ளை வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்கு ஒரு சின்ன வழி விட்டார்கள்.

நம்மிடம் வழிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. பொறளைப் பக்கம் டீ சேரம் பிளேஸில் குடும்ப சுகாதாரப் பணியகமும் பாலியல் நோய், எயிட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டமும் ஒரே வீதியில் இருக்கின்றன. ‘யொவுன் பியச’ என்ற பெயரில் இளைஞருக்கான சுகாதார நிலையங்களை அரசாங்கமே நடத்துகிறது. மனம் சரியில்லை என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926, யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. தமிழ்ப் பிள்ளை இவற்றை எடுத்தால் அந்தப் பக்கம் தமிழ் கேட்குமா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சொந்தப் பாஷையில் சொல்லவே நாக்குக் கூசும் விஷயங்களை இரண்டாம் பாஷையில் யார் சொல்வது?

என் பக்கம் எது என்று கேட்டால், வயதெல்லையே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். பதினான்கு வயதில் நான் எடுத்த முடிவுகளை நினைத்தால் இப்பவும் தலையில் அடித்துக்கொள்வேன். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பெற்றோர் கூட நிற்கட்டும். ஆனால் பேசுவதற்கும், பரிசோதிப்பதற்கும், ஆலோசனைக்கும், எளிய மருந்துக்கும் விளங்கும் வயது வந்த பிள்ளையின் சொல் போதும் என்று ஒரு வரி எழுதினால் பாதி டொக்டர்மார் மூச்சு விடுவார்கள். இப்போதும் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், தங்கள் பொறுப்பில், கவசச் சட்டை இல்லாமல்.

ஒருவரை நானே பார்த்தேன். அக்காவின் மகள், பதினாறு முடிந்து பதினேழு, ‘சித்தி, அம்மா இல்லாம ஒரு டொக்டரைப் பார்க்கணும்’ என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. (அக்கா இதை வாசித்தால் சண்டை நிச்சயம்.) காலி வீதியில் இருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கும் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் அம்மா என்னைப் பார்த்து, ‘நீங்க கொஞ்சம் வெளியில இருங்க’ என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. உள்ளே போய் முதல் கேள்வியாக அவள் கேட்டது, ‘நான் சொல்றதை அம்மாட்ட சொல்லுவீங்களா?’ டொக்டர் சொன்னாராம், ‘உன்ர உயிருக்கு ஆபத்து எண்டால், இல்லாட்டி யாராவது உனக்குக் கெடுதல் செய்யினம் எண்டால் சொல்லத்தான் வேணும். அப்பவும் உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன். மற்றது எல்லாம் இந்த அறைக்குள்ளதான்.’

இவ்வளவைத்தான் அவள் எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. வெளியே வந்ததும் வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளி, பாதுகாவலர் என்ற இடத்தைக் காட்டியது. நான் கையொப்பம் போட்டேன்.